நாக்கில் வைத்த மண்

சிவகிரி மதினி என் இடுப்பிலிருந்து கோமதியைப் பிரித்தெடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுவது என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. பிறகு நின்றது. அதுவும் காலுக்குத்தான் தெரிந்தது.

கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியே உச்சி வெயில் இறங்கி, அதில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. மதினியின் வாய் அசைந்தது. தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் வாய் அசைந்தது. பத்து மாதக் கைக்குழந்தை இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்கோ எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது.

"பிள்ளைய நான் கொண்டு போறேன் தம்பி. இங்கன கெடந்தா இது ஊமையாப் போயிரும்."

இதில் பாதியை உதட்டில் படித்தேன். மீதியை வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார். இந்தத் தொடரில் யார் பேசுவதாக நான் எழுதினாலும் அது அப்படி வந்ததுதான். பாதி என் கண், பாதி அவர் தயவு.

போன வாரம் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். கல்யாணமான மறு வருஷம் படுத்தேன், எழுந்தபோது உயிர் இருந்தது, காது இல்லை. அதைப் படித்த ஒரு வாசகர், 'காது கேளாத அம்மாவுக்குப் பேச்சைப் பற்றி என்ன தெரியும்?' என்று கார்டு போட்டிருக்கிறார். ஐயா, காது உள்ளவர்களுக்குத்தான் பேச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்கிறீர்கள், பதில் சொல்கிறீர்கள், போய்விடுகிறீர்கள். ஒரு எழுத்து வாய்க்குள் எந்த இடத்தில் முளைக்கிறது என்று என்றைக்காவது நின்று பார்த்ததுண்டா?

நான் பார்த்தேன். பார்க்காவிட்டால் என் பிள்ளையைக் கொண்டுபோயிருப்பார்கள்.

பந்தயம்

மதினி என்பது என் வீட்டுக்காரரின் அக்கா. சிவகிரியில் வாழ்க்கைப்பட்டவர். கெட்டவர் இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அவருக்குப் பிள்ளை கிடையாது. வருஷா வருஷம் ஆடித் தவசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு வருவார், கோமதி அம்மனிடம் அழுதுவிட்டுப் போவார். அந்த வருஷம் என் கோமதியைத் தூக்கிய கை இறக்க மறுத்துவிட்டது.

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. காது போனால் பேச்சு போகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போகும். ஒரே நாளில் இல்லை, பித்தளைப் பாத்திரத்தில் பூசிய ஈயம் போகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நாம் பேசுவது நமக்கே கேட்காதபோது நாக்கு சோம்பேறியாகிவிடுகிறது. கடையில் பருப்பு கேட்டால் கடைக்காரர் மூன்று தடவை முகத்தைச் சுளித்தார். பால்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு உழக்கைப் பார்த்தாள்.

தாய் பேசுவதைத்தானே பிள்ளை பேசும்? தெருவில் எல்லோரும் இதையே சொன்னார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். அதனால் வாயைத் திறந்து சண்டை போடக்கூட முடியவில்லை. போட்டாலும் யாருக்கு விளங்கும்?

என் வீட்டுக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அடுத்த தவசு வரைக்கும் இருக்கட்டும் அக்கா. அதுக்குள்ள பிள்ள நல்லாப் பேசலைன்னா நானே சிவகிரிக்குக் கொண்டாந்து விடுதேன்."

அவர் மீசையையும் மீறி இந்த வாக்கியத்தை நான் முழுசாகப் படித்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பிள்ளையைப் பந்தயம் வைத்துவிட்டார் மனுஷன்! மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம் வந்திருந்தது.

மீசை போன கதை

என் வீட்டுக்காரரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, எழுதவும் மாட்டேன். உதடு இரண்டு தடவை சேரும், நாக்கு ஒரு தடவை பல்லைத் தொடும். அவ்வளவு தெரிந்தால் போதும் உங்களுக்கு.

அவருக்கு மேலுதட்டை மறைக்கிற அளவுக்கு அடர்ந்த மீசை. காது இருந்த காலத்தில் அதைப் பார்த்து நான் மயங்கியதுண்டு. காது போன பிறகு அது எனக்கு ஜென்ம விரோதி. ப, ம, வ மூன்றும் உதட்டில் பிறக்கிற ஒலிகள். ப-வுக்கும் ம-வுக்கும் இரண்டு உதடும் ஒட்டும். வ-வுக்குக் கீழுதடு மேற்பல்லைப் போய்த் தொடும். மீசைக் காட்டுக்குள் மூன்றும் ஒன்றாகிவிடும்.

கோபம் தீராத மூன்றாவது நாள் காலையில் அவர் வெளியே போய்விட்டு மொழுமொழுவென்று திரும்பி வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஏன் என்று கையை விரித்தேன்.

"நான் பேசுதது உனக்குத் தெரியணுமில்லா?" என்றார். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது. சிரித்தேன், அழுதேன், மறுபடி பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் எங்கள் பக்கம் ஆம்பிளை திடீரென்று மீசையை எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், தகப்பன் போய்விட்டார். மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. துண்டு வாங்க வருகிற திருவேங்கடத்து வியாபாரி ஒருவர், வாசலில் இவர் முகத்தைப் பார்த்ததுமே மேல்துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்துவிட்டார். கொல்லைப்புறத்திலிருந்து வேப்பங்குச்சியும் வாயுமாக என் மாமனார் வந்தார்.

"யாருவே செத்தது?"

வியாபாரியால் அழுகையை நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. அன்றைக்கு எதையும் புரிந்துகொள்ள எனக்கு உதடு தேவைப்படவில்லை.

என் அத்தை, அதாவது மாமியார், ஒரு மாதம் மகனைத் திட்டித் தீர்த்தார். "அப்பன் உசுரோட இருக்கையில மீசைய எடுத்தானே, இவன் வெளங்குவானா!" இவர் காதிலேயே வாங்கவில்லை. அதற்குப் பிறகு மீசை வளர்க்கவும் இல்லை.

பஞ்சும் கண்ணாடியும்

மீசை போயும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. ப-வும் ம-வும் கண்ணுக்கு ஒன்றேதான். "படியில இருக்கு" என்கிறாரா, "மடியில இருக்கு" என்கிறாரா? நான் வாசற்படிக்குப் போய்த் தேடுவேன், சாமான் அவர் மடியில் இருக்கும்.

தறிக்குப் பக்கத்தில் ராட்டை போட்டு நூல் சுற்றுவது என் வேலை. ஒரு நாள் சும்மா ஒரு பஞ்சு இழையை எடுத்து என் உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு 'ப' என்றேன். இழை துள்ளிற்று. 'ம' என்றேன். அசையக் காணோம். அப்படியானால் ம-வின் காற்று எங்கே போகிறது?

கைக்கண்ணாடியை மூக்குக்குக் கீழே வைத்து, உதட்டை மூடி 'ம்' என்று இழுத்தேன். கண்ணாடியில் சின்னதாக இரண்டு வட்டம் ஆவி படிந்தது. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கி மறைந்தது. என் பேச்சை நான் மறுபடி சந்தித்தது அன்றைக்குத்தான். காதில் இல்லை, கண்ணாடியில்.

பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பில் இதை நெட்டுருப் போட்டிருக்கிறேன். வல்லினம் நெஞ்சில் பிறக்கும், மெல்லினம் மூக்கில் பிறக்கும், இடையினம் கழுத்தில் பிறக்கும், பிறகு பல், இதழ், நாக்கு, அண்ணம் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும் என்று. அப்போது அது பரீட்சைக்கு மட்டும் உதவியது. இப்போது ங, ஞ, ண, ந, ம, ன ஆறையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஆறுக்கும் கண்ணாடியில் ஆவி படிந்தது. பழைய இலக்கணக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

வல்லினம் நெஞ்சில் பிறக்கும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் உள்ளங்கையை வீட்டுக்காரர் நெஞ்சில் வைத்துப் பேசச் சொல்லிப் பார்த்தேன். அங்கே அதைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

கையைத் தொண்டைக்கு மாற்றியபோது இன்னொன்று அகப்பட்டது. அவரைக் 'காகம்' என்று சொல்லச் சொன்னேன். முதல் எழுத்துத் தொடங்கும்போது தொண்டை சும்மா இருந்தது. நடுவிலிருக்கிற க-வில் வண்டு மாதிரி ரீங்காரம் வந்தது. எழுதுவது ஒரே க தான், தொண்டை மட்டும் அதை ஒரு இடத்தில் ஊமையாகவும் ஒரு இடத்தில் முழக்கமாகவும் சொல்கிறது. பிறந்ததிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இது தெரியவே தெரியாது.

"நெசமாவா!" என்று தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டு வெகுநேரம் காகம் காகம் என்று உட்கார்ந்திருந்தார். தறி அன்று அரைநாள் ஓடவில்லை.

புற்று மண்

சங்கரன்கோவிலில் சிரங்கு வந்தாலும் பூச்சி கடித்தாலும் முதல் மருந்து கோயில் புற்று மண்தான். மேலுக்குப் பூசுவோம், நாக்கிலும் வைத்துக்கொள்வோம். அத்தை திங்கட்கிழமைதோறும் அம்மன் சந்நிதிக்குப் போய்விட்டு வந்து, மண்ணைக் குழைத்து என் நாக்கில் தடவிவிடுவார். காது திரும்பி வரவேண்டும் என்று வேண்டுதல். கரைந்து இறங்குகிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

"வாயைத் தொறந்த, பலன் போயிரும் பாத்துக்க."

ஒரு திங்கட்கிழமை, நாக்கில் மண்ணோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். கோமதி தவழ்ந்து தவழ்ந்து தறிக்குழி விளிம்புக்குப் போய்விட்டாள். "கோமதீ!" என்று கத்திவிட்டேன். பாய்ந்து அவளைத் தூக்கினேன். போச்சு, பலன் போச்சு! அத்தை பார்த்துவிட்டாரா என்று பயந்துகொண்டு, வாயைத் துடைக்கக் கண்ணாடியை எடுத்தேன்.

கண்ணாடி ஓட்டின் கீழே நின்றுகொண்டு தலையை அண்ணாந்து வாயைப் பிளந்தேன். மேல்வாய் அண்ணத்தில் மண் ஒட்டியிருந்தது. எல்லா இடத்திலும் இல்லை. முன்பல்லுக்குப் பின்னாலிருந்து அகலமாக ஒரு தீற்றல், இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லை ஒட்டி இரண்டு கரை. நான் கூப்பிட்ட பெயரின் கடைசி எழுத்து அங்கே அச்சாகக் கிடந்தது.

ஓடிப்போய் வீட்டுக்காரரின் வாயில் மண்ணைத் தடவி, "பிள்ளையைக் கூப்பிடுங்க" என்றேன். கூப்பிட்டார். அவர் வாயைப் பிளந்து வெயிலில் பார்த்தேன். பக்கத்துக் கரைகள் என்னுடையதைப் போலவே இருந்தன. முன்னால் மட்டும் பல்லின் பின்புறத்தை ஒட்டி மெல்லிய ஒரு கோடு, அவ்வளவே. என்னுடையது மேல்வாய் முழுக்கப் பரவிய சேறு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறந்ததிலிருந்து நான் என் பிள்ளையை அவள் பெயரில் கூப்பிட்டதே இல்லை. வேறு ஏதோ ஒரு சேற்றுப் பெயர். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் வேலையை ஆரம்பித்தோம். சாயங்காலம் தறியை நிறுத்தியதும் அவர் நாக்கில் மண், என் நாக்கில் மண். அவர் ஒரு எழுத்தைச் சொல்லிக் காட்டுவார். அவர் அண்ணத்தைப் பார்ப்பேன், நான் சொல்வேன், என் அண்ணத்தைப் பார்ப்பேன், இரண்டும் ஒன்றாகிறவரை விடமாட்டேன். ட-வுக்கு நாக்கு பின்னால் மடங்கி அண்ணத்தின் மேட்டில் ஒரு பொட்டு வைக்கும். ல-வுக்குப் பல்லுக்குப் பின்னால் பொட்டு, பக்கங்கள் காற்றுப் போகத் திறந்திருக்கும். ச-வுக்கு இரு பக்கமும் கரை கட்டி நடுவில் ஒரு வாய்க்கால் விடவேண்டும். என் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது, அதைத் தோண்ட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ழ நடு அண்ணத்தில் ஒட்டவே ஒட்டாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது கிடையாது என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

க தான் கண்ணுக்கு அகப்படாமல் போக்குக் காட்டியது. கொப்பளிக்கும்போது தண்ணீர் நிற்குமே, கிட்டத்தட்ட அந்த ஆழத்தில் நாக்கின் அடி எழும்பி அண்ணத்தை அடைக்கிறது. அதைத் தாடைக்குக் கீழே விரலை வைத்துத்தான் பிடித்தேன். அ, இ, உ போன்ற உயிரொலிகள் காற்றை எங்கும் அடைக்காமல் போகிறவை. அவற்றுக்கு வாயின் திறப்பும் உதட்டின் குவிப்பும் நாக்கின் ஏற்ற இறக்கமும் போதும்.

அந்த மாதங்களில் என் வீட்டுக்காரர் தின்ற மண்ணுக்கு அவர் வயிற்றில் ஒரு புற்றே எழும்பியிருக்க வேண்டும். காரணம் தெரியாத அத்தைக்கு ஏக சந்தோஷம். மகனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டு இரண்டு பங்கு மண் கொண்டுவந்தார். நாங்கள் மூச்சு விடவில்லை.

கனவில் ஒரு குரல்

கனவில் எனக்குக் காது கேட்கும். கோயில் மணி, ரயில் ஊதுவது, சட்டியில் கடுகு வெடிப்பது எல்லாம் கேட்கும். கோமதியும் பேசுவாள். ஆனால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே? அதனால் செத்துப்போன என் அம்மாவின் குரலில் பேசுவாள். கனவுக்குள்ளேயே எனக்குச் சந்தேகம் வரும், விழித்துக்கொள்வேன். விடியற்காலை வெளிச்சத்தில் பிள்ளை பக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

அவள் முதல் வார்த்தையை நான் கையால் வாங்கினேன். என் மடியில் சாய்ந்திருந்தாள். முதுகில் கை வைத்திருந்தேன். சின்ன முதுகு ரீங்கரித்தது, தணிந்தது, மறுபடி ரீங்கரித்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன், உதடு ஒட்டிப் பிரிந்தது. அம்மா.

பிறகு மளமளவென்று வந்துவிட்டன. பால், தாத்தா, காக்கா, தண்ணி. ஒன்று பேசவேண்டுமென்றால் என் முன்னால் வந்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, என் கண் அவள் வாயில் விழுந்த பிறகுதான் ஆரம்பிப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உதடு தெரிவதால் நான் கை வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். பிள்ளை எப்படிப் பேசுகிறாள் என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "அருமையாப் பேசுதா" என்பார். ஆனால் எங்கள் வீட்டில் விடிந்தால் தறி ஓடும். தறிச் சத்தத்துக்கு நடுவே அவருக்கு மட்டும் என்ன பெரிதாகக் கேட்டுவிடும்?

தவசு அன்று

தவசு வந்தது. ஊரெல்லாம் ஜனம். தறிக்கு விடுமுறை, உள்ளங்காலில் ஒரு அசைவும் இல்லை. காலையிலேயே மதினி வந்துவிட்டார். திறந்து காட்டிய ஓலைப்பெட்டியில் புதுக் கவுன், வெள்ளிக் கொலுசு, வழிக்குத் தின்ன முறுக்கு. பிள்ளையைக் கூட்டிப்போகவே ஆயத்தமாக வந்திருந்தார்.

கோமதி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னாள். மதினியின் முகம் மலர்ந்தது, மறுநிமிஷம் வாடியது. "அத்தை, எனக்குக் கொலுசா?" என்று கேட்டாளாம், கணீரென்று. பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். மதினிக்குச் சந்தோஷமும் ஏமாற்றமும் ஒன்றாக வந்ததை நான் பார்த்தேன். எனக்கும் பாவமாக இருந்தது.

அப்போது கோமதி என்னிடம் ஓடி வந்து, தாடையைத் திருப்பி, "அம்மா தண்ணி" என்றாள். கொடுத்தேன். "அத்தை கொலுசு" என்றாள். "ஆமா, போட்டுக்கோ" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் மதினியும் வீட்டுக்காரரும் சிலையாக நிற்கிறார்கள். மதினி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏட்டி வடிவு, பிள்ள உங்கிட்டப் பேசையில சத்தமே போடலையே. உனக்கு எப்பிடி வெளங்குச்சு?"

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. "ஆமாட்டி. எங்ககிட்டச் சத்தமாப் பேசுதா. உங்கிட்ட வாயை மட்டுந்தான் அசைக்கா."

என் கையைக் கோமதியின் தொண்டையில் வைத்தேன். "மறுபடி சொல்லு" என்றேன். உதடு ஒட்டிப் பிரிந்தது, நாக்கு பல்லைத் தொட்டது, எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. அம்மா தண்ணி. என் கைக்குக் கீழே தொண்டை அசையாமல் கிடந்தது. "அத்தைகிட்டச் சொல்லு" என்றேன். திரும்பினாள். வண்டு பறந்தது.

அம்மாவுக்குக் குரல் தேவையில்லை என்று அந்தப் பொடிசு தானாகவே கண்டுபிடித்து, எத்தனை மாதமாகவோ என்னிடம் அப்படித்தான் பேசியிருக்கிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமா, துக்கமா? இரண்டும்தான். என் பிள்ளையின் குரல் எனக்கென்று ஒரு நாளும் எழும்பாது. எனக்கென்றே அவள் ஒரு பேச்சைச் செய்து வைத்திருக்கிறாள்.

அடுத்த நொடி பயம் பிடித்துக்கொண்டது. 'பிள்ளை ஊமையாகிறது என்று சொன்னேனே, இதோ பார்' என்று மதினி சொல்லப்போகிறார். கோமதியை இறுக்கிக்கொண்டேன். மதினி ஓலைப்பெட்டியை மறுபடி திறந்தார். கொலுசை எடுத்தார். குனிந்து ஒவ்வொரு காலாகப் போட்டுவிட்டார். திருகை முடுக்க வெகுநேரம் ஆயிற்று. பெட்டியை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

வாசலுக்குப் போகவில்லை. என்னிடம் வந்தார். கோமதி செய்கிற மாதிரியே என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். என் கண் தன் வாய்க்கு வருகிறவரை காத்திருந்தார். அவர் உதடு நிதானமாக அசைந்தது.

பிள்ள இங்கனயே இருக்கட்டும். உன்னை மாதிரி அவகிட்டப் பேச எனக்குத் தெரியாது.

ஒரு எழுத்து தப்பாமல் படித்தேன். நான் தலையாட்டினேன். அவர் பெட்டியோடு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

ஒரு கை தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், இரண்டு காதும் உள்ள மனுஷன், என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏட்டி, அக்கா என்ன சொன்னா?"